முத்துச்செல்வி கேட்ட வேகம்

முத்துச்செல்வி என் வீட்டுக்கு வாடகைக்கு வந்தவள். பிள்ளைப்பாக்கத்தில் நிலத்தை விற்ற காசில் நாங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறை கட்டினோம். ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிற பிள்ளைகள் வந்து தங்குவார்கள், கொஞ்ச காலம் ஷிப்டு பார்ப்பார்கள், ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்வார்கள். முக்கால்வாசிப் பேரின் முகம் எனக்கு மறந்துவிட்டது. இவளை மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் இவள் போகவில்லை. திமிர் பிடித்தவள் என்று தெருவில் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அப்பா இல்லை. அண்ணன் இசக்கியப்பன் விசைத்தறி ஓட்டுகிறான். பிளஸ் டூ முடித்த கையோடு கான்டிராக்டில் இங்கே வந்துவிட்டாள். போனுக்குள் வைக்கிற பச்சை அட்டையில் பொடிப்பொடியாகச் சாமான் பதிக்கிற லைனில் வேலை. உடம்புக் கரண்டு அட்டையில் இறங்காமல் இருக்க மணிக்கட்டில் ஒரு ஒயரைக் கட்டிக்கொண்டுதான் அட்டையைத் தொட வேண்டுமாம், தங்க நிறமாக இருக்கிற ஓரத்தில் விரலே படக்கூடாதாம். என் கையில் ஏதாவது அட்டைத் துண்டு கிடைத்தால்கூட, "ஓரத்தைப் பிடிக்காதிய ஆச்சி" என்பாள்.

அந்தக் கம்பெனி கேன்டீனில் நிரந்தர ஆட்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கான்டிராக்ட் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. ஒரு நாள் இவள் நேராக முதல் வரிசையில் போய் நின்றிருக்கிறாள். சூப்பர்வைசர் வந்து, "இது உன் லைன் இல்லம்மா" என்றாராம். "பசிக்கு என்ன சார் லைனு" என்று சொல்லித் தட்டை நீட்டியிருக்கிறாள். அடுத்த முறை கான்டிராக்ட் புதுப்பித்தபோது இவள் பெயர் மட்டும் இல்லை.

வேறு பெண்ணாக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பாள். இவள் லீவு நாட்களில் ஸ்ரீபெரும்புதூர் தணிகாசலம் ஸ்டூடியோவுக்குப் போய், கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டக் கற்று வைத்திருந்தாள். தணிகாசலம் நல்ல மனிதர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "சொந்தமா ஒரு சிஸ்டம் வச்சிக்கோ, கார்த்திகை முகூர்த்தத்துல வர்ற வேலைய உங்கிட்ட தள்றேன். ஆனா படம் திக்கித் திக்கி ஓடிச்சினா, மாலை மாத்துறதுக்குள்ள பொண்ணுக்குக் குழந்த பொறந்துடும். நான் ஒரு வெள்ளிக்கிழம வந்து பாத்துட்டுதான் குடுப்பேன்" என்று சொல்லி, ஒரு கல்யாணத்தை மாதிரிக்குக் கொடுத்தனுப்பினார்.

சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொண்டுபோய் ஆயுத பூஜை அன்று குன்றத்தூரில் ரத்தினம் என்பவர் கடையில் கம்ப்யூட்டர் வாங்கினாள். நல்ல நாள் என்று கடையில் கூட்டம். ரத்தினமும் பூஜை போட்டு, கற்பூரம் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பெட்டியைக் கொடுத்தார்.

வந்த அன்றே அது திக்கியது. மாப்பிள்ளை தாலியை எடுக்கிறான், கை பாதியில் நிற்கிறது. நாதஸ்வரம் விக்குகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் முடிச்சு மூன்றும் போட்டாகிவிட்டது.

"இன்னாடி இது, தாலி கட்றதே தெரியல" என்றேன்.

அவள் எனக்குச் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். பெட்டிக்குள்ளே ரேம் என்று நீளமாக ஒரு சின்ன அட்டை, ரெண்டு இருக்கிறது. இவள் வாங்கியதில் திரையில் படம் காட்டுவதற்கென்று தனி அட்டை கிடையாது, அந்த வேலைக்கும் இந்த ரேம்தான். பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் அதற்குப் பதினெட்டு அறுபத்தாறு என்று வேகம் போட்டிருக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது, பஸ் பார்த்துப் பழகியதில் நம்பர் தெரியும். ஆனால் திரையில் காட்டுவது பதிமூன்று முப்பத்துமூன்று.

"புது ரேமைப் போட்டா, கம்ப்யூட்டர் நிதானமாத்தான் ஓட்டும் ஆச்சி. நாமதான் உள்ள போயி, நீ உன் வேகத்துல ஓடுன்னு ஒரு செட்டிங்க மாத்தணும்."

"மாத்தேன்."

"மாத்துனேன். மாத்துனா திரை நீலமாயி நின்னுருது."

ரத்தினத்துக்குப் போன் போட்டாள். அவர் சத்தமாகப் பேசுகிறவர், எனக்கே கேட்டது. "அது ஸ்டிக்கர்ல போட்டுக்கிறதும்மா. ஓடுதா இல்லியா? ஓடுது. அப்புறம் இன்னா? எல்லாரும் பதிமூணுலதான் ஓட்றான்."

"நான் எல்லாருக்கும் சேத்து வாங்கலண்ணே. நான் வாங்குனதுல பதினெட்டுன்னு போட்டிருக்கு."

திறந்து பார்க்கவும் வழியில்லை. பெட்டியின் பின்னால் கடைக்காரர் ஒட்டிய சீல் இருந்தது. அதைக் கிழித்தால் வாரண்டி போய்விடும்.

இதற்குள் அண்ணன்காரன் ஊரிலிருந்து வந்துவிட்டான். மாப்பிள்ளை பார்த்திருக்கிறானாம். திக்கிக்கொண்டு ஓடுகிற கல்யாணத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"இதுக்காட்டி வேலைய விட்ட?"

"வேலதான் என்னய விட்டுது."

"சரி. வர்ற வெள்ளிக்கிழமை அந்த ஸ்டூடியோக்காரரு வருவாருல்லா. அவரு வேண்டாம்னு சொல்லிட்டா எங்கூட வரணும். பேச்சு மாறக்கூடாது."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "மாறல. அவரு சரின்னுட்டா நீயும் மாறக்கூடாது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் காலையில் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றித் தூக்கினாள். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க எதுக்கு ஆச்சி" என்றாள். கடையில் வயசானவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் சட்டென்று வெளியே போ என்று சொல்ல வாய் வராது. அதற்குத்தான்.

பஸ்ஸில் கண்டக்டர் போர்வையைப் பார்த்து, "இன்னாம்மா, குழந்தையா?" என்றார்.

"கம்ப்யூட்டரு."

"அப்ப லக்கேஜ் போடணும்."

"மடியிலதான இருக்கு, சீட்டுலயா இருக்கு?"

குன்றத்தூர் வரைக்கும் அவரும் விடவில்லை, இவளும் விடவில்லை. இறங்கும்போது பெட்டிக்கு அவரே கை கொடுத்து இறக்கிவிட்டார்.

கடையில் ரத்தினம் முதலில் சிரித்த முகமாகத்தான் இருந்தார். செட்டிங்கை மாற்றினார். திரை நீலமாகி நின்றது. மறுபடி மாற்றினார், மறுபடி நின்றது. சிரிப்பு போய்விட்டது.

"பாத்தியா? அதுக்கு அந்த வேகம் தாங்கல. பழையபடி வச்சித் தரேன், எடுத்துகினு போ."

"தாங்கும்னு எழுதி வித்தது யாரு?"

"கம்பெனிக்காரன் எழுதிக்கிறான். அவன் மூஞ்சிய நானே பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்ல. உங்க மூஞ்சியப் பாத்துதான் வாங்குனேன். தெறந்து பாருங்க."

"இன்னிக்கு டைம் இல்ல. வச்சிட்டுப் போ, அடுத்த வாரம் பாக்கறேன்."

"நாளைக்கு எனக்கு வேணும். நிக்கேன்."

நான் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ரத்தினம் என் பக்கம் திரும்பி, "ஆயா, நீயாவது சொல்லக்கூடாதா? உனுக்கு ரேம்னா இன்னான்னு தெரியுமா?" என்றார்.

"தெரியாதுப்பா. ஒண்ணச் சொல்லி வேற ஒண்ணு குடுத்தா தெரியும்."

வாங்க வந்தவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கீபோர்டு வாங்க வந்த ஒருவர், "தொறந்துதான் காட்டேம்பா" என்றார். அந்தப் பேச்சுக்குத்தான் ரத்தினம் ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் எல்லாருக்கும் தெரிந்தது. உள்ளே இருக்கிற காற்றாடியில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். பெரிய அட்டையில் ஒன்று. ரேம் செருகியிருக்கிற இடத்தில் ஒன்று. ஆயுத பூஜைக்கு வைத்திருந்த பெட்டிகளையெல்லாம் மனிதர் திறந்து, உள்ளேயும் பொட்டு வைத்துத்தான் மூடி சீல் போட்டிருக்கிறார். தண்ணியாகக் குழைத்த சந்தனம். அது வழிந்து ரேமுக்கு அடியில் இறங்கிக் காய்ந்திருந்தது. ஒரு ரேமை உருவினார், சுத்தமாக இருந்தது. அடுத்ததை உருவினார். ஓரத்தில் பல் வரிசைபோல் இருக்கிற தங்கத்தில் பாதி மஞ்சளாக அடை கட்டியிருந்தது.

ரத்தினம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமிக்கு வச்சதும்மா. கெட்ட எண்ணத்துல வைக்கல."

"நான் அப்படிச் சொல்லலண்ணே. மெதுவா ஓடும்போது தப்பிச்சுருது, வேகமா ஓடும்போது அந்த இடத்துல தடுக்கிருது. தொடச்சுக் குடுங்க."

"நான் தொடைக்க மாட்டேன். பூஜைக்கு வச்ச சந்தனம் தானா உதிரணும். வியாபாரம் பண்றவன் நான், என் கையால அழிக்கக் கூடாது."

"அப்பம் வேற குடுங்க."

"வேற இப்ப ஸ்டாக் இல்ல."

"அப்பம் நான் அழிக்கேன். சாமி கோவப்பட்டா பிள்ளைப்பாக்கத்துக்கு வரட்டும், ஆச்சி வீட்டுல அறை காலியாத்தான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தினத்துக்கும் வந்திருக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ஸ்பிரிட் பாட்டிலையும் ஒரு சின்ன பிரஷ்ஷையும் பென்சில் ரப்பரையும் மேசையில் வைத்தது அவர்தான். கையில் கட்டுகிற ஒயர் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் கடையில் அதெல்லாம் இல்லை. அதற்குப் பதிலாகப் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டே ரேமை ஓரம் படாமல் பிடித்து, மஞ்சளை ரப்பரால் தேய்த்து எடுத்தாள். செருகுகிற பள்ளத்தைப் பிரஷ்ஷால் மறுபடி மறுபடி துடைத்தாள். காயட்டும் என்று உட்கார்ந்தோம்.

முதல் தடவை மறுபடியும் நீலம்தான் வந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி உருவினாள், மறுபடி துடைத்தாள், பள்ளத்துக்குள் விளக்கு அடித்துப் பார்த்து ஒரு மூலையில் ஒட்டியிருந்ததைப் பிரஷ் நுனியால் நோண்டி எடுத்தாள். ரத்தினம் தானே வந்து டார்ச்சைப் பிடித்தார்.

அடுத்த தடவை நிற்கவில்லை. திரையில் நம்பர் வந்தது. நானே படித்தேன், பதினெட்டு அறுபத்தாறு.

"ஆச்சா? எடுத்துகினு போ" என்றார் ரத்தினம்.

"ஓடுதான்னு பாக்காண்டாமா?" என்று சொல்லி, தணிகாசலம் கொடுத்த கல்யாணத்தை அங்கேயே போட்டுவிட்டாள். முழுசாக. ஜானவாசத்திலிருந்து. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் யாரோ பெற்ற பெண்ணின் கல்யாணத்தை நின்று பார்த்தார்கள். கீபோர்டு வாங்க வந்தவர், "மாமாக்காரர் முறைச்சிகினே கீறாரே, சீர்வரிசைத் தகராறா?" என்றார். மாப்பிள்ளை தாலியை எடுத்தான், கட்டினான், முடிச்சு மூன்றும் கண்ணால் பார்த்தோம். மேளம் எங்கேயும் விக்கவில்லை.

ரத்தினம் கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு சீல் ஒட்டாமலே மூடிக் கொடுத்தார். "உள்ள இனிமே நீயே பாத்துக்க. வாரண்டி கீது, நான் சொல்றேன்" என்றார். பூஜை அன்று மற்ற பெட்டிகளை வாங்கியவர்களுக்கும் போன் போடச் சொன்னாள். அவர் போட்டாரா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் தணிகாசலம் வந்தார். எப்போதும் போல் குறை தேடினார். முன்னே ஓட்டினார், பின்னே ஓட்டினார், ரெண்டு படத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். "ஓடுது" என்றார். அதைச் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது. பையிலிருந்து வேறு இரண்டு கல்யாணத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "பொண்ணு வூட்டுக்காரங்க அவசரப்படறாங்க" என்று சொல்லிப் போனார்.

இசக்கியப்பன் வாசற்படியில் நின்றிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தான்.

"அதான் சரியாயிருச்சுல்லா. இப்பம் வித்தா நல்ல விலைக்குப் போவும்ட்டி. கல்யாணச் செலவுக்கு ஆவும்."

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அண்ணே, உனக்குப் பஸ்ஸுல சன்னலோரம் வேணும்னா இப்பமே கெளம்பணும்" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்க ஆச்சி."

"நான் இன்னாப்பா சொல்றது. வாடகை குடுக்கிறா, இருக்கிறா. உனக்கு நாலு தோசை ஊத்தித் தரட்டுமா, வழியில சாப்பிட?"

நான் கல்லைப் போட்டேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, தங்கையின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவன் ஒருத்தனாகத்தான் பஸ் ஏறினான்.