இஃப்பு டீச்சர்

பாடம் தொடங்குமுன் கல்யாணசுந்தரி கிழக்கு ஜன்னலைச் சாத்திவிடுவாள். மற்ற ஜன்னல்கள் எப்படிக் கிடந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. கீழே கடலைமிட்டாய்க் கடையில் பாகு காய்ச்சும் வாசனை தெற்கு ஜன்னல் வழியாக மாடிக்கு ஏறிவந்து, வேலை விட்டு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஆனால் கிழக்கு ஜன்னல் திறந்திருந்தால் வகுப்பில் ஒருவர் கண்ணும் கரும்பலகையில் நிற்காது. புரட்டாசி பிறந்துவிட்டால் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் கழுத்து தானாகவே கிழக்கே திரும்பிக்கொள்ளும். மேகம் அந்தப் பக்கமிருந்துதான் வரவேண்டும்.

"காத்து வரலியே டீச்சர்" என்று பின்பெஞ்சில் யாராவது முனகுவார்கள்.

"காத்துக்கா பாக்குதீங்க? எனக்குத் தெரியாதாக்கும். பலகையப் பாருங்க."

குரலில் அலுப்புதான் இருக்கும், கோபம் இருக்காது. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. பகல் முழுக்க ஒரு தீப்பெட்டி ஆபீசில் டைப் அடித்துவிட்டுச் சாயங்காலம் இங்கே வருகிறவள் அவள். அங்கே விரலில் கார்பன் மை ஒட்டும், இங்கே சாக்பீஸ்தூள் ஒட்டும். கறுப்பும் வெள்ளையுமான அந்தக் கையோடு, ஒரு காலைச் செருப்பிலிருந்து கழற்றித் தரையில் ஊன்றிக்கொண்டு பாடம் எடுப்பாள். மணி அடிக்கும்வரை இரண்டு காலும் சேர்ந்தாற்போல் செருப்புக்குள் போகாது.

பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, தவறாமல் புதுப்பித்து, அந்த அட்டை மடிப்பெல்லாம் நைந்து பழந்துணி போலாகிவிட்டது. செல்லத்துரை அண்ணாச்சி டுட்டோரியல் ஆரம்பித்தபோது "ஆர்டர் வர்ற வரைக்கும் எடுக்கேன்" என்று சொல்லித்தான் சேர்ந்தாள். ஆர்டர் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறதோ தெரியவில்லை.

அவளிடம் படிக்க வருபவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் என்ற ஒரே பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் போனவர்கள். மில் தொழிலாளிகள், தீக்குச்சி அடுக்கும் பெண்கள், சர்க்கார் ஆபீஸ் பியூன்கள். பாதிப் பேருக்கு ஊரில் காடு, அதாவது மழையை நம்பி விதைக்கும் மானாவாரி நிலம், உண்டு. இவர்களுக்கு இங்கிலீஷ் பேப்பரில் நிச்சயமாக மார்க் தேறக்கூடிய இடம் 'இஃப்' போட்டு வரும் வாக்கியங்கள்தான் என்று கண்டுபிடித்து, அதையே மாய்ந்து மாய்ந்து நடத்தியதில் 'இஃப்பு டீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டது. கீழே மிட்டாய்க் கடைக்காரருக்கும் அவள் இஃப்பு டீச்சர்தான்.

"மூணே வீடுதான்" என்று ஆரம்பிப்பாள். "மழ பெஞ்சா வெத மொளைக்கும். இது நடக்கக்கூடியது, மொத வீடு. நம்ம கரிசல்ல ஒரு ஆறு ஓடுனா நெல்லு போடுவோம். ஓடாது, ஆனா நெனைக்கதுக்கு யாரு தடுக்கா? இது ரெண்டாவது. போன வருசம் மழ பெஞ்சிருந்தா பருத்தி எடுத்திருப்போம். அது போச்சு, இனி அழுதும் பிரயோசனமில்ல. மூணாவது வீடு. எந்த வீட்டுக்குள்ள நிக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டா வினைச்சொல் தன்னால வந்துரும்."

செல்லத்துரை அண்ணாச்சிக்கு இந்த விளக்கமெல்லாம் வீண்வேலை. "பத்து வாக்கியத்த உருப்போடச் சொல்லுங்க டீச்சர். பாஸானா சரி" என்பார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் போக்கில் நடத்துவாள். வீட்டிலோ அவளுடைய அம்மா கோமதியம்மாள் மூன்றாவது வீட்டைவிட்டு வெளியே வருவதேயில்லை. "அன்னைக்கே வேல கெடச்சிருந்தா இந்நேரம் ரெண்டு பிள்ளைக்குத் தாயாயிருப்ப" என்று சோறு போடும்போதெல்லாம் சொல்வாள். இலக்கணம் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தபடி கல்யாணசுந்தரி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

எண்பத்திரண்டாம் வருஷத்து அக்டோபர் பரீட்சைக்கு வந்தவர்களில் சோலைச்சாமி ஒருவர். ஓட்டப்பிடாரம் பக்கத்தில் காடு உழும் சம்சாரி. அங்கேயே ஓர் அலுவலகத்தில் பியூன். நாற்பதைத் தாண்டியவர், டீச்சரைவிட மூத்தவர். இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் அவருக்குக் கிளார்க் வேலை. தேறாவிட்டால் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன் அந்த நாற்காலியில் உட்காருவான், இவர் ரிட்டயராகும்வரை அவனுக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். போன தடவை ஒரே மார்க்கில் போயிற்று.

மாதிரிப் பரீட்சையில் அவர் 'இஃப்' வாக்கியங்களையெல்லாம் சரியாக முடித்திருந்தார். ஒன்றே ஒன்று காலி. 'மழை பெய்யாவிட்டால் பயிர்கள்...' என்று இங்கிலீஷில் 'இஃப் இட்' போட்டுத் தொடங்கிப் புள்ளி வைத்து விட்டிருந்த கேள்வி. தெரியவில்லை போலும் என்று மறுபடி நடத்தினாள். அடுத்த பரீட்சையிலும் அதே இடம் காலி. வகுப்பு முடிந்ததும் அவரை நிறுத்தினாள்.

"இதுல என்ன அண்ணாச்சி கஷ்டம்? இதவிடக் கஷ்டமானதெல்லாம் எழுதியிருக்கீங்க."

"தெரியும் டீச்சர்." அவர் தரையைப் பார்த்தார். "அத எழுத மாட்டேன்."

"ஏன்?"

"வெதச்சிருக்கேன்லா."

காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டு மூடிவிட்டு மழைக்குக் காத்திருப்பது இந்தப் பக்கத்து வழக்கம். விதை மண்ணுக்குள் போய்விட்டால் அப்புறம் அந்தச் சொல்லை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. 'மழை பெய்யலைன்னா' என்று யாராவது வாயைத் திறந்தால் "நல்லதப் பேசு" என்று பாதியிலேயே அடக்கிவிடுவார்கள். கல்யாணசுந்தரி மற்றவர்களுடைய தாள்களையும் எடுத்துப் புரட்டினாள். அந்த ஒரு கேள்வியில் பலர் கைவைக்கவில்லை. ஒருவர் பயிர்கள் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தார். தீக்குச்சி அடுக்கும் சீனித்தாய் கேள்வியையே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, 'மழை பெய்யும்' என்று பிழையில்லாத இங்கிலீஷில் எழுதிவைத்திருந்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதற்கு இதுவா பலன் என்றிருந்தது.

"பரீட்சத் தாள ஆகாசமா வந்து வாசிக்கப்போவுது, அண்ணாச்சி?"

"வாசிக்காதுதான். ஆனா எழுதுதது எங் கையில்லா. வெத போட்ட கை."

"ஒரு மார்க்குல போனத மறந்துட்டீங்களா? அந்தப் பொடிப்பயலுக்கு டீ வாங்கிக் குடுக்கப் போறீங்களா?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். அவளுக்குக் கால் வலித்தது. வீட்டுக்குப் போனால் அம்மாவின் மூன்றாவது வீடு காத்திருக்கும். எப்படியாவது இந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது.

"சரி. நான் சொல்லித்தான் எழுதுனீங்கன்னு வச்சுக்கிடுங்க. அதுல பாவம் இருந்தா என் தலைல விடியட்டும். எழுதிருங்க."

சோலைச்சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவா சொல்லுதீங்க?"

"நெசமாத்தான்."

கேள்வித்தாளில் அதே போன்ற கேள்வி வந்தது. பரீட்சை முடிந்த சாயங்காலம் அவர் மாடிப்படி ஏறிவந்து வாசலிலேயே நின்றார். வலதுகைச் சட்டை முழங்கைவரை நனைந்திருந்தது.

"எழுதிட்டேன் டீச்சர். செத்துப்போவும்னு எழுதிட்டேன்." பிறகு தானாகவே சொன்னார். "வெளிய வந்ததும் கொழாய்ல கையக் கழுவிட்டேன்."

ஐப்பசியில் வானம் துடைத்துவிட்ட தட்டாக இருந்தது. வழக்கமாகத் தீபாவளிக்கு வெடி நனைந்துவிட்டதென்று பிள்ளைகள் அழும். அந்த வருஷம் எல்லா வெடியும் கணக்காக வெடித்தது. புழுதிக்குள் கிடந்த விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. ஒரு சம்சாரி ஒரு தாளில் எழுதிய இரண்டு வார்த்தைக்காக ஒரு சீமையே காயாது என்று கல்யாணசுந்தரிக்குத் தெரியும். பி.ஏ. படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன. ஆனாலும் தீப்பெட்டி ஆபீசில் டைப் அடிக்கும்போது அடிக்கடி கை நின்றது. வெளியே வெயிலைப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தாள்.

கார்த்திகைக் கடைசியில் ரிசல்ட் வந்தது. சோலைச்சாமி கீழே கடையில் வாங்கிய கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். முகத்தில் சந்தோஷம் இருந்தது; முழுசாக மேலே வர அதற்குத் தைரியம் இல்லை.

"முப்பத்தஞ்சு டீச்சர். சரியா முப்பத்தஞ்சு."

அதற்கு ஒரு மார்க் குறைந்தாலும் ஃபெயில் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த ஒரு மார்க் எங்கிருந்து வந்தது என்று யாரும் பேசவில்லை.

"கிளார்க்காயிட்டீங்க அண்ணாச்சி."

"ஆமா. தை மாசம் ஆர்டர் போட்டுருவாங்களாம்."

"காடு எப்படியிருக்கு?"

"காடு அப்படியேதான் கெடக்கு."

"உங்க காட்டுல மட்டுமா பெய்யல? விளாத்திகுளம், குளத்தூர் எங்கயும் பெய்யல."

"அதுவும் சரிதான்" என்றார். சரியில்லை என்று சொல்வது போலிருந்தது. படியில் இறங்கப் போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டீச்சர், நான் அத எழுதுனது ஊருக்குள்ள யாருக்கும் தெரியாது. எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்க."

"அத நீங்க எழுதல அண்ணாச்சி. நாந்தான எழுதச் சொன்னேன்."

அவர் அதை மறுப்பார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். அவர் போன பிறகு பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தாள். தான் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மார்ச் பரீட்சைக்காரர்களுக்கு முதல் பாடம். கிழக்கு ஜன்னல் வழக்கம்போலச் சாத்தியிருந்தது. சாக்பீஸை எடுத்து 'இஃப்' என்று எழுதினாள். 'இட்' என்று எழுதினாள். அதற்குமேல் எழுதவில்லை. புதிதாக வந்தவர்கள் எழுதுகோலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மேசைமேல் சாக்பீஸை வைத்துவிட்டு, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஜன்னலுக்குப் போனாள். கொக்கி இறுகியிருந்தது, இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள். தூரத்தில், கடல் இருக்கும் திசையில், லேசாக ஒரு மூட்டம் தெரிந்தது. வகுப்பில் எல்லாக் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பியது. அவள் யாரையும் அதட்டவில்லை. கம்பிகளுக்கிடையே வலதுகையை முழங்கைவரை வெளியே விட்டு, உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்துக் கையை உள்ளே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். சாக்பீஸ்தூள் அப்படியே இருந்தது.