பிரடைக்கு விட்ட எண்ணெய்

“…கிறீச்செண்டு கத்தினா என்ன செய்யிற மச்சான், எண்ணெய் உட்டா அடங்கிடும்தானே!” என்று மச்சான் சொன்னபோது என் வயலின் பிரடைகளுக்கு விட்டே முடித்திருந்தார். அவர் சாய்ந்தமருதில் தையல் மெஷின் திருத்துகிறவர். உப்புக் காற்றில் கதவுப் பிணைச்சலும் சைக்கிள் செயினும் துருவேறுகிற எங்கள் ஊர்களில், கத்துகிற எதற்கும் எண்ணெய்தான் வைத்தியம்.

வயலினின் பிரடை அப்படியல்ல. தந்தியைச் சுற்றி இறுக்கும் அந்த மரமுளை உராய்வினால்தான் நிற்கிறது. எண்ணெய் பட்டதும் வழுக்கியது. கைபேசியை வைத்துச் சுருதி சேர்த்தேன். கையை எடுத்ததும் தந்தி தளர்ந்தது. அன்று மாலை பாண்டிருப்பில் நண்பரின் மகள் பாட, நான் வாசிக்க வேண்டும். பிள்ளைக்கு அது முதல் மேடை.

பிரடைகளைக் கழற்றித் துடைத்து, வழுக்காமலிருக்கப் பள்ளிக்கூட வெண்கட்டி தேய்த்தேன். மூன்று பிடித்தன. ஒன்று மட்டும் பிடிக்கவில்லை.

“அப்ப நான் உட்ட எண்ணெய் அந்தப் புள்ளைட பாட்டையும் வழுக்கி உழுத்திப்போடுமோ?” என்றார் மச்சான்.

“ஓம், உழுத்தும்.”

மாலையில் அவர் என்னுடன் மேடையேறி, பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை அந்தப் பிரடையை இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.