மாணிக்கவாசகத்தின் மூக்குக் குழாய்

ஜூஸ் கடை பிரிட்ஜில் சாத்துக்குடிகளுக்கு நடுவே கைவிட்டு ஒரு சின்னப் புட்டியை எடுக்கிறார் டிரைவர் மாணிக்கவாசகம். மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் மருந்தை அளவாக ஏற்றுகிறார். ஒரு முனையை மூக்கில் செருகி, மறு முனையை வாயில் கவ்வி, 'ப்பூ' என்று ஊதுகிறார். தன் மூக்கில் தானே ஊதிக்கொள்ளும் இந்த வித்தையைப் பார்க்க மைசூரு பஸ் நிலையத்தில் தினமும் சிறு கூட்டம் நின்றுவிடுகிறது. "டிக்கெட் போடலாங்களா?" என்று அவரே கேட்கிறார். மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அவர் வீட்டில் ஏது பிரிட்ஜ்?

அவர் ஓட்டுவது தனியார் பஸ். கொள்ளேகால், ஹனூர், கௌதள்ளி தாண்டிக் காட்டுக்குள் புகுந்து பாலாற்றுச் சோதனைச் சாவடி வரை போகும். போன வருடம் வரை மனுஷன் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பார். குடித்ததெல்லாம் அப்படியே வெளியே வந்துவிடும். புளியமரம் கண்ட இடமெல்லாம் பஸ் நிற்கும். சர்க்கரை வியாதி என்றே ஊர் முடிவு கட்டியிருந்தது. சோதித்துப் பார்த்தால் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் வைதேஹிதான் கண்டுபிடித்தார். "தண்ணியைப் பிடிச்சு வைன்னு சிறுநீரகத்துக்குச் சொல்ற ஹார்மோன் உங்க மூளையிலேர்ந்து சரியா வரலை. அதே ஜாடையில ஒண்ணை லேப்ல செஞ்சிருக்காங்க. அதைத்தான் தரேன்," என்றார். மாணிக்கவாசகம் இதைத் தம் பாஷைக்கு மாற்றிக்கொண்டார். "ஒரிஜினல் ஸ்பேர் ஸ்டாக் இல்லீங்க. டூப்ளிகேட் போட்டிருக்குது. நோடி, நீங்களே பாருங்க, ஒரிஜினலை விட ஜோரா ஓடுது."

புளியமரங்கள் பிழைத்தன. ஆனால் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தாகம் எடுத்தால் மட்டுமே குடிக்க வேண்டும். பழைய பழக்கத்தில் குடித்தால் தண்ணீர் வெளியேறாமல் தங்கி, ரத்தத்தில் உப்பு குறைந்து, ஆளையே சாய்த்துவிடும்.

இது கௌதள்ளி டீக்கடை சித்தம்மாவுக்கு எப்படிப் புரியும்? காடு தொடங்கும் முன் அதுதான் கடைசி நிறுத்தம். வருடக்கணக்காக அவருக்கென்றே ஒரு பானை வைத்து, பஸ் வந்து நின்றதும் சொம்போடு ஓடி வருகிறவள் அவள். முதல் நாள் அவர் வேண்டாம் என்றதும் முகம் சுண்டிப்போயிற்று. "என்ர கைத் தண்ணி கசந்து போச்சுங்களாண்ணா?" என்றாள். இரண்டு நாள் டீயை டொக்கென்று வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டார். யானைக் காட்டு வளைவில் தலை கிறுகிறுத்தது. நல்லவேளை, ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

முதலாளி நஞ்சுண்டசாமிக்குச் சேதி போனது. "இனி ஒரு வாட்டி காட்ல வண்டி நின்னா, ஸ்டியரிங் பேடா, தொடவே கூடாது. ஷெட்ல பஸ் கழுவு," என்றார். சொன்னதோடு விடாமல் இன்றைக்கு முன் சீட்டில் வந்தும் உட்கார்ந்துவிட்டார். ஸ்டியரிங் போனால் மாணிக்கவாசகத்திடம் மீசை மட்டும்தான் மிஞ்சும்.

கௌதள்ளி. டீ குடித்தாயிற்று. பஸ்ஸே பார்த்துக்கொண்டிருக்க, சித்தம்மா சொம்பை நீட்டுகிறாள்.

"இன்னைக்கும் வேண்டாமுங்களா?"

"யாரு சொன்னது? கொண்டாங்க."

முதலாளி நிமிர்ந்து உட்காருகிறார். மாணிக்கவாசகம் இரண்டு கையாலும் சொம்பை வாங்கிக்கொண்டு பஸ்ஸின் முன்பக்கம் போகிறார். தோள் துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியை மெதுவாகத் திருகித் திறக்கிறார். ஒரு சொட்டு சிந்தாமல் மொத்தத்தையும் உள்ளே ஊற்றுகிறார். காலிச் சொம்பைச் சித்தம்மாவிடம் கொடுத்துவிட்டு, அதே துண்டால் தம் உலர்ந்த வாயைத் துடைத்துக்கொள்கிறார்.