ஏழுமலை எதையும் மறக்கவில்லை

வெள்ளிமலையில் மகள் வீட்டில் இருந்தபோதுதான் மெக்கானிக் ஏழுமலை இறந்த செய்தி வந்தது. போன் செய்தவன் அவர் மகன் குமார். “அப்பா தூக்கத்துலயே பூட்டாரு சார்” என்றான். மலைப் பஸ் பிடித்து நான் சங்கராபுரம் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அந்த முகத்தைப் பார்க்காமல் தப்பித்தோம் என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அப்படி நினைத்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவரிடம் டிராக்டர் விட்டவர்களுக்கு அவருடைய வழக்கம் தெரியும். பின் சக்கரத்தைக் கழற்றும் முன் யாரையாவது கூப்பிட்டு முன் அச்சைப் பார்க்கச் சொல்வார். இரண்டு பக்கமும் ஆப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, “இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஸ்பேனரைத் தொடுவார். டீக்கடையில் இதற்காக அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. “ஒரு ஆப்ப மறந்தேன், ஒரு பாதம் பூடுச்சி” என்று அவரும் சிரித்துக்கொண்டே சொல்வார். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அது என் டிராக்டரில் நடந்தது. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ஊருக்கு ஊர் சாலையில் மரம் சாய்த்துக்கொண்டிருந்த சமயம். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் நான் வீட்டில் இருந்தேன். பழைய வண்டி, பின் அச்சில் ஆயில் ஒழுகியது. ஏழுமலை களத்து மேட்டில் சமமான தரையாகப் பார்த்து நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். ஜாக்கியால் தூக்கி, பின் அச்சின் அடியில் பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, வண்டியை அதன்மேல் இறக்கினார். “ஜாக்கி தூக்கறதுக்குத்தாங்க. அத்த நம்பி அடியில பூந்தா அவ்ளோதான்” என்றார்.

பிறகு முன்னால் போய் உட்கார்ந்தார். “பின்னால தூக்கிட்டு முன்னால எதுக்குப்பா பாக்கற?” என்று கேட்டேன். “முன் அச்சு நடுவுல ஒரே இரும்புப் பின்னுலதான் நிக்குது வாத்யாரே. தராசு மாதிரி ஆடும். பின் சக்கரத்த உருவிட்டா வண்டி ஒரு பக்கமா சாஞ்சிரும்” என்றார். வெள்ளிமலையிலிருந்து கொண்டு வந்த வேங்கை மர ஆப்பு இரண்டை எடுத்து, அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக அடித்தார். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். வண்டி அசையவில்லை. ஒரு சக்கரத்தைக் கழற்றிச் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அப்போது எங்கள் தெரு ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ரோட்டோரப் புளியமரத்தை அறுத்துக்கொண்டிருந்தவர்கள். “ரம்பம் மாட்டிக்கினு வரமாட்டேங்குது மாமா. சந்துல அடிக்க ஒரு ஆப்பு இருந்தா குடுங்க” என்றார்கள். என்னிடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். “இன்னா மாமா யோசிக்கிற? உன் புள்ளைங்களுக்கும் சேத்துத்தான” என்றான் ஒருவன். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் ஒதுங்கிக்கொண்டான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. எல்லாம் தெரிந்தே சுத்தியலை எடுத்து, வலப்பக்கத்து ஆப்பைத் தட்டி எடுத்துக் கொடுத்தேன். ஏழுமலை வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதோடு விட்டேனா? மரம் விழுவதைப் பார்க்க அவர்கள் பின்னாலேயே போனேன்.

மரம் விழுந்தது. எல்லோரும் கூச்சல் போட்டோம். அந்தக் கூச்சல் அடங்கிய பிறகுதான் களத்து மேட்டிலிருந்து வந்த அலறல் காதில் விழுந்தது. இரண்டாவது சக்கரத்தின் நட்டை இழுத்தபோது வண்டி ஆடி, கட்டையை விட்டுச் சரிந்து, அவருடைய வலது பாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. ஜீப்பில் ஏற்றினோம். கள்ளக்குறிச்சி ரோட்டில் அந்தப் புளியமரம் குறுக்கே கிடந்தது. வண்டிப் பாதையில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கட்டிலில் கிடந்தபடி கேட்டார்: “வண்டியில ஒரு ஆப்புதான் இருந்துச்சாமே. நான் ரெண்டு பக்கமும் அடிச்ச மாதிரிதான் இருக்குது. நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, பாத்தீங்களா வாத்யாரே?”

“நான் கவனிக்கலையேப்பா” என்றேன்.

“அப்ப நாந்தான் மறந்துட்டன்” என்றார் அவர். அன்றிலிருந்து தன் கண்ணையே நம்பாத மனிதராகிவிட்டார். நொண்டிக்கொண்டே பட்டறையை நடத்தினார். என் வண்டி போகும்போதெல்லாம் என்னைத்தான் பார்க்கச் சொல்வார். நானும் குனிந்து பார்த்து, “இருக்கு” என்று சொல்லிவிட்டு நிமிர்வேன். எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பொய் சொன்னதற்காகப் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய வாத்தியார் நான்.

காரியத்தன்று குமார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: “எங்கப்பா நல்ல தொழில்காரர்தான். ஒரு தடவ கவனக்கொறைவா இருந்துட்டாரு.” அங்கே வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இடப்பக்கத்து ஆப்பு இத்தனை வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. அவருடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். இந்தத் தாளோடு சேர்த்து அதையும் கொண்டுவந்து உன் கையில் தருகிறேன் குமார். உன் அப்பா அன்று காலை இரண்டு பக்கமும் அடித்திருந்தார். நான் பார்த்தேன்.