நாற்பதாம் நாளுக்கு ஒரு வெள்ளைப் பக்கம்

வசீலாவின் வலைப்பூவில் புதிதாகக் கட்டுரை வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் வலைப்பூவின் தோற்றம் மட்டும் பதினெட்டு முறை மாறியிருந்தது. முதலில் சைடுபார் போனது. அப்புறம் மேலே இருந்த படம். பகிர்வதற்கான பொத்தான்கள், ‘இதையும் படியுங்கள்’ பெட்டி, தேதிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டிக் கடிகாரம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே போயின. கடைசியில் வெள்ளைப் பரப்பும் நடுவே ஒடுங்கிய எழுத்துப் பட்டையும்தான் மிச்சம். அந்த வெள்ளையும் கண்ணைக் குத்துகிறது என்று ஒரு வாரம் அவளுக்கு நிலைகொள்ளவில்லை.

மஸ்கட்டில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் பிரெஞ்சுக் காகிதங்களை அரபியாக்குவது அவள் வேலை. வந்து பதினோரு வருஷம். சொந்த ஊர் துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ். கணக்கும் அறிவியலும் பிரெஞ்சில், மற்றவை அரபியில் என்று பள்ளிக்கூடம் அவளை இரண்டாக வகிர்ந்துதான் வளர்த்திருந்தது. எதை எழுதினாலும் இன்னொரு மொழியில் இது நன்றாக வந்திருக்குமோ என்று ஒரு நமைச்சல். வலைப்பூவும் அதனால் இரண்டு மொழியில்.

நல்ல வலைத்தளம் ஒன்றைக் கண்டுவிட்டால் அவளால் எளிதில் வெளியே வர முடியாது. நார்வேயில் யாரோ ஒரு தச்சரின் தளம். ஒரே பக்கம், ஒன்பது நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. அடிக்கோடு எழுத்தின் வாலை வெட்டாமல் அந்த இடத்தில் மட்டும் விலகிப் போகும். தலைப்பில் எழுத்துகள் காற்று வாங்குகிற மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். இவர் படிக்கிறவர்களை மதிக்கிற மனிதர் என்று வசீலா முடிவு கட்டியிருந்தாள். தன் தலைப்புகளையும் அப்படியே தள்ளி நிற்கவைத்தாள்.

எதிர்வீட்டு இஹ்சான் சூடான்காரி, மருந்துக்கடையில் வேலை. காபி குடிக்க வரும்போதெல்லாம் அவளுக்குப் புதுத் தோற்றத்தைக் காட்டியாக வேண்டும்.

“குடி வராத வீட்டுக்கு எத்தனை தடவடி சுண்ணாம்பு அடிப்ப?” என்பாள் இஹ்சான்.

“இந்தத் தடவை வரி இடைவெளியைப் பாரேன்.”

“பாத்தேன். வரி எங்க?”

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் முன்ஸிஃப் இறந்துபோனார். ஸ்ஃபாக்ஸுக்கும் காபிஸுக்கும் நடுவே எட்டு பேர் ஏறுகிற பகிர்வு வேன் ஓட்டியவர். எட்டாவது ஆள் வரும்வரை வண்டி கிளம்பாது. அந்தக் காத்திருப்பில் தங்கையின் வலைப்பூவைத் திறந்து மற்ற ஓட்டுநர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். அவள் எழுத்துக்கு உலகத்தில் நிச்சயமான வாசகர்கள் என்றால் அந்த வேன் நிலையம்தான்.

வசீலாவால் போக முடியவில்லை. குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது, பாஸ்போர்ட்டும் அதோடு போயிருந்தது. மூன்றாம் நாள் அண்ணி ஸக்கியா போனில் சொன்னாள்: “அழுது என்ன ஆகப்போகுது? நாப்பதாம் நாளுக்கு நீ எழுது. அவரோட ஓட்டுநருங்க எல்லாம் வருவாங்க, அவங்க முன்னாடி படிக்கிறோம். நீ வந்த மாதிரி இருக்கும்.”

நாற்பதாம் நாள் நெருங்கியும் பாஸ்போர்ட் வரவில்லை. ஆக, அந்த முற்றத்தில் அவள் இருக்கப்போவதே அந்தப் பக்கத்தின் வழியாகத்தான். உட்கார்ந்தாள். அண்ணனுக்கு இந்தச் சாம்பல் நிறம் பொருந்துமா? தலைப்புக்கும் முதல் வரிக்கும் நடுவே இவ்வளவு வெள்ளை வேண்டுமா? அலுவலகத்தில் சரக்குப் பட்டியலுக்கு நடுவிலும் கை அந்தப் பக்கத்தைத் திறந்தது, ஒரு அளவை மாற்றியது, மூடியது, மறுபடி திறந்தது. எழுதியதைவிட அளந்ததே அதிகம். வியாழன் சாயங்காலம் வெளியிட்டபோது தன் லேப்டாப்பில் பார்க்க அது அத்தனை அமைதியாக இருந்தது. அவள்தான் அமைதியாக இல்லை.

வெள்ளிக்கிழமை, நாற்பதாம் நாள். பதினோரு மணிக்கு போன். அங்கே காலை எட்டு.

“அடியே வசீலா, எம் புருஷன் பேரை என்ன பண்ணி வெச்சிருக்க?” என்றாள் ஸக்கியா.

“ஏன் அண்ணி? என்ன ஆச்சு?”

“படம் அனுப்பியிருக்கேன், பாரு. உன் பெய்யா அத்தை பாத்துட்டு குதிக்கிறாங்க. பேரை எழுத்தெழுத்தா பிரிச்சு எழுதுறது தகடு எழுதுறவன் வேலை, செய்வினைக்கு எழுதுற மாதிரி இருக்கு, இதை வீட்டுல யாரும் திறக்கக்கூடாதுங்கிறாங்க.”

வசீலா படத்தைப் பார்த்தாள். முன்ஸிஃப். அரபியில் மீம், நூன், ஸாத், ஃபா என்று நான்கே எழுத்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் ஓட வேண்டியவை. ஸக்கியாவின் பழைய போனில் அவை தனித்தனியாக நின்றன. கை மட்டும் நீண்டிருந்தது, அடுத்ததை எட்டவில்லை.

“என் லேப்டாப்புல நல்லா இருக்கே அண்ணி…”

“உன் லேப்டாப்பா இங்க உக்காந்து படிக்கப்போகுது? அஸர் தொழுகை முடிஞ்சு ஆளுங்க வந்துருவாங்க. அத்தைய நான் சமாளிக்கிறேன், அதுக்குள்ள நீ அவர் பேரைச் சேத்து வை. இல்லேன்னா சொல்லிடு, குர்ஆன் ஓதிட்டு சாப்பாட்டைப் போட்டுடறேன்.”

அங்கே மாலை நாலு என்றால் இங்கே ஏழு, அதற்குள் முடிக்க வேண்டும். வசீலா எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, விரிசல் விட்ட இஹ்சானின் பழைய போனை வாங்கிவந்தாள். அதில் திறந்தால் அதே சிதறல். விஷயம் புரிந்தது. அவளுடைய புது லேப்டாப் அரபி எழுத்து என்று தெரிந்ததும் எழுத்துக்கு எழுத்து அவள் போட்ட இடைவெளியைத் தானாகவே ஒதுக்கிவிட்டிருக்கிறது. பழைய போனுக்கு அந்த விவரம் கிடையாது. பிரெஞ்சுத் தலைப்புகளுக்காக நார்வேக்காரரிடம் கற்றதை அவள் அரபிக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். பார்த்ததெல்லாம் தன் லேப்டாப்பில் மட்டும்.

அந்த இடைவெளியை எடுத்தாள். போனில் மாறவில்லை. தோற்றத்துக்காக அவள் எழுதிச் சேர்த்த நிரல் நீளம் நீளமாக இருந்தது. ஒரு திருத்தத்தைத் திருத்த இன்னொன்று, அதை மறைக்க வேறொன்று. இன்னொரு இடத்தில் எடுத்தாள். பெயர் சேர்ந்தது, கட்டுரையின் துணைத்தலைப்பு பிரிந்தே கிடந்தது. மணி ஒன்று. எழுந்து ஜன்னலை மூடினாள், திறந்தாள், உட்கார்ந்தாள்.

கூடவே வந்து கதவோரம் நின்றிருந்த இஹ்சான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: “நீ போட்டதை எல்லாம் தூக்கிப் போட்டா என்னடி ஆகும்?”

“ஒண்ணுமே இருக்காது. அசிங்கமா இருக்கும்.”

“துக்க வீட்டுல அழகா கேட்டாங்க?”

ஏழு மாதத்து நிரலை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, நீக்கும் விசையை அழுத்தினாள். பழைய போனில் பக்கம் வந்தது. ஓரத்திலிருந்து ஓரம்வரை கறுப்பு எழுத்து, தடித்த தலைப்பு. பெயரின் நான்கு எழுத்தும் கைகோத்திருந்தன.

இஹ்சான் விரலால் கீழே தள்ளப் பார்த்தாள். பக்கம் நகரவில்லை.

“இவ்வளவுதானா?”

பதினோரு வரி. ஒடுங்கிய பட்டையிலும் சுற்றியிருந்த வெள்ளையிலும் நிறைந்து தெரிந்தது, இப்போது ஒரு திரையைக்கூட நிரப்பவில்லை. அண்ணன் நல்லவர், உழைப்பாளி, எல்லோருக்கும் உதவியவர். எந்த அண்ணனுக்கும் பொருந்துகிற வரிகள். வசீலாவுக்கு முகம் சுட்டது.

“நான் போறேன், நீ எழுது,” என்று இஹ்சான் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அரபியில் மட்டும் எழுதினாள். ஏழு பேரோடு வண்டி காத்திருக்க, ஏழாவதாக ஏறிய பெண்ணின் மடியில் கோழிக்கூடை. அந்தக் கூடையை எட்டாவது ஆளாகக் கணக்குவைத்து முன்ஸிஃப் வண்டியைக் கிளப்பியது. மற்ற ஓட்டுநர்கள் முறை தவறிவிட்டதென்று மறித்தபோது, “கோழி சீட்டு வாங்கிடுச்சு, வேணும்னா அதையே கேளு” என்று அவர் சொன்னது. இரவல் கொடுத்த ஸ்பேனரை அவர் திருப்பிக் கேட்காதது. கோபம் வந்தால் நாள்கணக்கில் பேசாதது, அவளிடமும்தான். ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு, எப்படித் தெரிகிறதென்று பார்க்காமலேயே வெளியிட்டாள்.

ஏழரைக்கு அத்தையின் போனிலிருந்து ஸக்கியா அழைத்தாள். பெய்யா அத்தை மூக்குக் கண்ணாடி போட்டுப் பெயரைப் பார்த்துவிட்டு, “இப்போ சரி” என்று மட்டும் சொன்னாளாம். முற்றத்தில் தட்டுகள் சத்தம். பஷீர் என்ற ஓட்டுநர் ஸக்கியாவின் போனைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கோழி வந்ததும் சிரிப்பு வெடித்தது. “பொய், அது ரெண்டு கோழி!” என்று யாரோ கத்தினார்கள். “நீதானே அன்னிக்கு வண்டிய மறிச்ச, நீ பேசாதே!” என்றது இன்னொரு குரல்.

கேட்டுக்கொண்டே வசீலா லேப்டாப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். தலைப்புக்கும் தேதிக்கும் நடுவே மூச்சுவிட இடமில்லை. ஒரே ஒரு வரி நிரல் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. இடைவெளிக்கு ஓர் அளவைப் போட்டுச் சேமித்தாள்.

அங்கே ஸக்கியாவின் போனுக்கு நடுவில் யாரோ அழைத்திருக்க வேண்டும். பஷீர் அதை வெட்டிவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தார்.

“எங்க விட்டேன்? எல்லாம் கீழ இறங்கிப்போச்சே!”

“வசீலா!” ஸக்கியாவின் குரல் காதருகே வந்தது. “நீதானே? கைய எடுடி. இவங்க எழுந்து போறவரைக்கும் அதைத் தொட்டேன்னா நான் பேசறதையே விட்டுருவேன்.”

“எடுத்துட்டேன் அண்ணி.”

லேப்டாப்பை மூடி, அதன்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள். விட்ட இடம் தெரியாததால் பஷீர் பெயரிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்.