தரையில் பட்ட கால்

அன்பழகன் அந்தமானின் புரோத்ராபூரில் பிறந்தவர். அவ்வூர் நீரேற்று நிலையத்தில் மோட்டார் இயக்குபவர். அவருடைய தந்தை கந்தன், சாலை வேலைக்கென்று இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து, திரும்பாமலே இருந்துவிட்டவர். தந்தையின் அஸ்தியைக் கரைப்பதற்காக அன்பழகன் ஒரே ஒரு முறை கடல் கடந்து இராமேசுவரம் சென்றார். அங்கே உறவினர் அவரை ‘அந்தமான்காரர்’ என்றனர். இங்கே, ஞாயிறுதோறும் அவருடன் சைக்கிள் ஓட்டும் பிரேம், அவரை இந்தியப் பெருநிலத்து ஆள் என்ற பொருளில் ‘மெயின்லேண்ட்’ என்றே அழைத்தார்.

பிரேமின் முப்பாட்டனார் கைதியாகத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர். அதைப் பட்டமளிப்பு விழாவில் பெற்ற பட்டம்போல் அக்குடும்பத்தினர் சொல்லிக்கொள்வர். டாலிகஞ்சில் பிரேமுக்கு இரும்புக்கடை இருந்தது. மூன்றாமவர் குணா; அக்கடையில் விற்பனையாளர். முதலாளியை இந்தி வழக்கப்படி ‘பய்யா’, அதாவது அண்ணா, என்பார்; அவர் சிரித்தால் தானும் சிரிப்பார்.

கடந்த மழைக்காலத் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூவரும் ஹாரியட் மலைக்குப் புறப்பட்டனர். சாத்தம் படகுத்துறையில் படகேறி மறுகரையை அடைந்து, மலையேறி இறங்கி, விம்பர்லிகஞ்ச், பெரார்கஞ்ச் வழியாக மேடும் பள்ளமுமான சாலையில் வீடு திரும்புவது திட்டம். மூவருக்கும் வேண்டிய காற்றுப் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான் யாவும் வழக்கம்போல் அன்பழகனின் பையில் இருந்தன.

படகிலேயே தொடங்கிவிட்டது.

“மெயின்லேண்ட், மலையைப் பார்த்ததுமே மூச்சு வாங்குதே. கப்பல் டிக்கெட் போட்டுரட்டுமா?” என்றார் பிரேம்.

“நேரா சென்னைக்கா, விசாகப்பட்டினத்துக்கா பய்யா?” என்றார் குணா.

அன்பழகன் சைக்கிளைப் படகின் கம்பியில் சாய்த்தார். “உச்சி வரைக்கும் கால் தரையில படாம ஏறுறேன். ஏறிட்டா, இன்னையோட அந்தப் பேரை விட்டுரணும்.”

“பட்டுட்டா?”

“நீ எப்படிக் கூப்பிட்டாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“குணா, நீதான் சாட்சி,” என்றார் பிரேம்.

மலைச்சாலை செங்குத்தானது. ஈரப்பாசி படிந்த வளைவுகளில் சக்கரம் வழுக்கியது. குணா பாதி வழியிலேயே இறங்கித் தள்ளத் தொடங்கினார். அவரை எவரும் கேலி செய்யவில்லை. பிரேமின் சைக்கிள் விலையுயர்ந்தது; அவர் முன்னே சென்று மறைந்தார். அன்பழகன் நின்று மிதித்தார், உட்கார்ந்து மிதித்தார், வியர்வை கண்ணில் இறங்கியபோதும் கைப்பிடியை விடவில்லை. உச்சியிலுள்ள விருந்தினர் விடுதியின் கூரை மரங்களுக்கிடையே தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு வளைவுதான்.

அவ்வளைவில் பிரேம், சைக்கிளைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒருபுறம் ஓடை, மறுபுறம் சரிவு.

“ஒதுங்கு, பிரேம்.”

பிரேம் இன்னொரு மிடறு குடித்தார். அன்பழகன் பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் சாய்ந்தது; இடக்கால் தரையில் ஊன்றியது.

“கால் பட்டுச்சா, படலையா?”

“நீ குறுக்கே நின்னே.”

“அதைக் கேக்கலை, மெயின்லேண்ட். பட்டுச்சா?”

“பட்டுச்சு.”

“கதம். முடிஞ்சுது கதை.”

உச்சியிலிருந்து துறைமுகமும் தீவுகளும் தெரிந்தன. பிரேம் அவற்றைக் காட்டி, “மெயின்லேண்ட், நல்லாப் பார்த்துக்கோ. உங்க ஊர்ல இதெல்லாம் கிடையாது,” என்றார். வாக்குக் கொடுத்திருந்தபடியால் அன்பழகன் பேசவில்லை. மலையிறங்கி, விம்பர்லிகஞ்சைத் தாண்டி, முன்னே மிதித்துச் சென்றார்.

பெரார்கஞ்சுக்கு முன்னுள்ள காட்டு மேட்டில் மழை பிடித்தது. அங்கே பிரேமின் பின்சக்கரத்தில் காற்று இறங்கிற்று. வீடும் இல்லை, வண்டியும் இல்லை. அன்பழகன் அதற்குள் மேட்டின் முக்கால் பங்கை ஏறியிருந்தார்.

“ஏ மெயின்லேண்ட்! நில்லு!”

அவர் நிற்கவில்லை. குணா மூச்சிரைக்கத் துரத்தி வந்து வழிமறித்தார். “பய்யா கூப்பிடுறார், காது கேக்கலையா? ஒத்துக்கிட்டதுதானே?”

“எதிர்த்துப் பேச மாட்டேன்னுதான் ஒத்துக்கிட்டேன், குணா. திரும்பிப் பார்ப்பேன்னு சொல்லலை. எனக்கு ஒரு பேர் இருக்கு. அதைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லு, வந்து ஒட்டித் தர்றேன்.”

குணா இறங்கிச் சென்று சொன்னார். அன்பழகன் ஒரு காலை ஊன்றிக் காத்திருந்தார். மழை சற்றே தணிந்திருந்தமையால் கீழே பேசியது மேலே நன்றாகக் கேட்டது.

“அவன் பேரு என்ன?”

“அன்புன்னு தொடங்கும், பய்யா.”

“அன்பரசனா?”

“அன்புச்செல்வன்னு நினைக்கிறேன். உங்க போன்ல பாருங்களேன்.”

“போன்லயும் மெயின்லேண்டுன்னுதாண்டா போட்டு வெச்சிருக்கேன்.”

ஒன்பது ஆண்டுகள் அவர்கள் சேர்ந்து ஓட்டியிருந்தனர். பிரேமின் மகள் திருமணத்தில் அன்பழகன் பந்தி பரிமாறியிருக்கிறார். அவர் ஊன்றிய காலை எடுத்துப் பெடலில் வைத்து, பையோடும் பம்போடும் மேட்டைக் கடந்து சென்றார்.

பெரார்கஞ்ச் தேநீர்க்கடையில் அவர் சட்டையைப் பிழிந்து உடுத்தி, ஒரு தேநீர் குடித்து, இன்னொன்றும் சொல்லியிருந்தார். அப்போது பிரேம், தட்டையான சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, முழங்கால்வரை சேறாகக் கடை வாசலில் வந்து நின்றார். பின்னால் குணா. இருவரும் அன்பழகனையே பார்த்தனர்.

கடைக்காரர் இந்தியும் தமிழுமாகக் கேட்டார்: “கோன் ஹே யே லோக்? யாரு இவங்க, உங்க கூட வந்தவங்களா?”

அன்பழகன் அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

“தெரியலை,” என்றார். “மெயின்லேண்டுக்காரங்களா இருக்கும்.”

இரண்டாவது தேநீர் வந்தது. அதை அவர் நிதானமாகக் குடித்தார்.