அந்தத் தாதிக்குப் புரியாத சொல்

லித்துவேனிய இயக்குநருக்கு நான் எழுதிய முதல் மின்னஞ்சல் இரண்டே வரி. உங்கள் ஆவணப்படத்தை யாங்கோனில் ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போட்டுக் காட்டலாமா? பர்மிய வசன வரிகளை நானே எழுதிக்கொள்கிறேன்.

பதில் மூன்று பக்கம் வந்தது. தொலைக்காட்சியில் எடிட்டராக வேலைக்குச் சேர்ந்தது, தான் ஆணை நேசிக்கும் ஆண் என்று வெளியில் சொன்னதும் வேலை தானாகக் குறைந்தது, இரண்டு பையன்கள் கைகோத்து நடந்த குறும்படத்துக்குப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று தணிக்கைக்காரர்கள் முத்திரை குத்தியது, அதையே இவர் நாடாளுமன்றத்துக்கு எதிரே படுக்கை விரிப்பைக் கட்டி எல்லாருக்கும் போட்டுக் காட்டியது, போலீஸ் விரிப்பை மட்டும் கைப்பற்றிக்கொண்டு போனது. எல்லாம் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேண்டிய ‘சரி’ கடைசி வரியில் கிடந்தது. அதற்கும் கீழே ஒரு நிபந்தனை: ஆஸ்பத்திரிக் காட்சியில் அவரே திரையில் வந்து ‘என் கணவர்’ என்று சொல்வதை மாற்றக் கூடாது. எங்கோ ஒரு தொலைக்காட்சி அதை ‘என் உறவினர்’ ஆக்கிவிட்டதாம். மாற்றினால் அனுமதி இல்லை.

இதற்கென்ன என்று அப்போதே ஒப்புக்கொண்டேன். யார் வீட்டில் போடப் போகிறோமோ அவரைக் கேட்கவில்லை.

வீடு என் அத்தை மகனுடையது. யாங்கோனின் தாமுவே பகுதியில் நாலாவது மாடி, ஒரே படுக்கையறை. அத்தானும் அவர் நண்பரும் ஆறு வருடமாக அங்கே இருக்கிறார்கள். எங்கள் குடும்பம் முழுக்க அவரை ‘நண்பர்’ என்றுதான் சொல்லும். மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை. அத்தை மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “எப்பத்தான் என் மருமகளா வரப்போற?” என்பார். அத்தானும் நானும் ஒரே நேரத்தில் தட்டைப் பார்ப்போம்.

“நண்பர்னு போடு” என்றார் அத்தான்.

“அவர் நண்பர்னு சொல்லவே இல்லையே!”

“எங்கம்மா வராங்க. முன்னாடி உக்காந்து ஒரு எழுத்து விடாம படிப்பாங்க. படிச்சிட்டுத் திரும்பி இவரைப் பார்த்தாங்கன்னா?”

“பார்க்கட்டுமே.”

“நீ பேசுவ. படம் முடிஞ்சதும் இன்சீன்ல உன் வீட்டுக்கு ரயிலேறிப் போயிருவ. நான்ல இங்க இருக்கணும்?”

இரண்டு வாரம் இதே பேச்சு. இதில் கரண்டு வேறு. அது வரும்போது இணையம் இருக்காது. இணையம் வரும்போது அத்தானுக்குத் தலைவலி. மடிக்கணினியில் வசன வரிகளுக்கு நேரம் பொருத்துவது நண்பரின் வேலை. பர்மாக்காரர், தமிழ் நன்றாகப் புரியும். எங்கள் சண்டை முழுக்கக் காதில் வாங்கிக்கொண்டு வாயே திறக்க மாட்டார். எனக்கு அவர் மேலும் எரிச்சல்.

அந்த ஆஸ்பத்திரிக் காட்சியும் எங்களைப் படுத்தியது. வரவேற்பு மேசையில் இருக்கும் தாதி, உள்ளே படுத்திருப்பவர் உங்களுக்கு யார் என்று கேட்கிறாள். என் கணவர் என்கிறார் இயக்குநர். அவளோ, “அதுதான் தெரிகிறதே, உங்களுக்கு யார்?” என்கிறாள். ஆங்கில வரியில் அப்படித்தான் இருந்தது. தெரிகிறது என்றால் ஏன் மறுபடி கேட்கிறாள்? இயக்குநருக்கு எழுதிக் கேட்டேன். மறுபடி மூன்று பக்கம். சட்டம், மனு, ஊர்வலம், எல்லாம் முடிந்து கையெழுத்துக்குக் கீழே ஒரு பின்குறிப்பு: எங்கள் மொழியில் ஆண் என்பதற்கும் கணவன் என்பதற்கும் ஒரே சொல். அவள் காதில் ஆண் என்று மட்டும்தான் விழுந்தது.

இதை முதல் வரியில் எழுதினால் என்ன குறைந்துவிடும் இந்த மனிதருக்கு?

பர்மியத்திலும் அப்படி ஒரு சொல் இருக்கிறதே! யௌச்சா. ஆண் பிள்ளையும் யௌச்சா, வீட்டுக்காரரும் யௌச்சா. மறுநாள் காலையிலேயே போய் மூச்சிரைக்க நாலு மாடி ஏறிச் சொன்னேன்.

“அது இன்னும் மோசம்” என்றார் அத்தான். “கணவர்னாலாவது புத்தகத்துல வர்ற மாதிரி இருக்கும். யௌச்சாங்கிறது எங்கம்மா எங்கப்பாவைச் சொல்ற வார்த்தை. வேண்டாம். படமே வேண்டாம்னு அவருக்கு எழுதிரு.”

நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ‘கோழை’ என்ற சொல் அதில் இருந்தது.

நண்பர் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே பர்மியத்தில் சொன்னார்: “நான் அடிச்சாச்சு.”

“என்னத்தை?”

“யௌச்சா.”

“அழிங்க” என்றார் அத்தான்.

“வேணும்னா நீங்க வந்து அழிங்க.”

அத்தான் எழுந்தார். மடிக்கணினிப் பக்கம் போகவில்லை. அடுக்களைக்குப் போய், கழுவி வைத்திருந்த தட்டுகளையே திரும்பக் கழுவினார்.

ஞாயிறு மதியம் படம். கூட்டம் கூடுவது எதற்கு என்று கீழ்வீட்டுக்காரர்கள் கேட்டால் பிறந்தநாள் என்று சொல்ல ஏற்பாடு. அதற்குச் சாட்சியாக, மீன்சாறு ஊற்றிச் சாப்பிடும் நூடுல்ஸ், ஒரு பானை மொஹிங்கா. அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து, கைப்பையை நண்பரிடம் பிடிக்கக் கொடுத்தார். அத்தான் உட்காரவே இல்லை, ஜன்னல் ஓரம் நின்றார்.

தாதி வந்தாள். யார் இவர்? யௌச்சா. ஆண் என்று எனக்கும் தெரிகிறது, உங்களுக்கு யார்? கூடத்தில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தையின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் இயக்குநர் அதே சொல்லைத் திரும்பச் சொன்னார். தாதி படிவத்தைப் புரட்டிவிட்டு மூன்றாம் முறை கேட்டாள்.

“என்னடி இவ, காது அடைச்சிருக்கா?” என்றார் அத்தை, திரையைப் பார்த்து. “வெளங்குற மாதிரிதான சொல்றான்? யௌச்சாடீ! அவனோட யௌச்சா!”

அத்தான் பாய்ந்து ஜன்னலைச் சாத்தினார். “அம்மா, மெதுவா! கீழ கேக்கும்.”

“கேக்கட்டும்” என்றார் அத்தை, திரும்பாமல். “அவளுக்குத்தான் கேக்க மாட்டேங்குது.”

நண்பர் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் ஜன்னல் கொக்கியை மாட்டினார். அப்புறம் வந்து நண்பர் பக்கத்தில் இடம் தேடி உட்கார்ந்தார்.